முடியில் போதைப்பொருள் சோதனை: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். விவாகரத்து வழக்கு நடக்கிறது. குழந்தை யாரிடம் வளரும் என்பது முடிவாகவில்லை. உங்கள் இருவருக்கும் முடிச் சோதனை செய்ய உத்தரவாகியிருக்கிறது. நீங்கள் போதைப்பொருள் எதையும் தொட்டதில்லை, ஆனால் கணவர் பல வருடங்களாக வீட்டுக்குள்ளேயே கஞ்சா புகைத்தவர். "எனக்கும் பாசிட்டிவ் வந்துவிடுமா? மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்ததுகூட முடியில் தெரியும் என்கிறார்களே, உண்மையா? முடிக்குச் சாயம் வேறு போட்டிருக்கிறேன், எதையோ மறைக்கப் பார்த்ததாகச் சொல்லிவிடுவார்களோ?"

முதலில் நேரடியான பதில். மூன்று மாதம் என்ன, முடி நீளமாக இருந்தால் அதற்கு முந்தைய காலமும் தெரியும். கஞ்சா விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. ஒரு முறைகூடப் புகைக்காதவரின் முடியிலும் கஞ்சாவின் வேதிப்பொருள் இருக்க முடியும், அது ஆய்வில் காட்டப்பட்ட விஷயம். அதனால் அறிக்கை கைக்கு வந்த பிறகு வாதாடுவதைவிட, எதைத் தேடப் போகிறார்கள், எப்படித் தேடப் போகிறார்கள் என்று இப்போதே வக்கீல் மூலமாகக் கேளுங்கள். சாயம் போட்டதை முடி எடுக்கும்போதே சொல்லி, படிவத்தில் எழுத வையுங்கள். ஏன் என்பதை விளக்க, முடிக்குள் இந்தப் பொருட்கள் எப்படிப் போகின்றன என்பதிலிருந்து வர வேண்டும்.

தோலுக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் கிடையாது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், முடியின் வேர்க்குமிழில் இருக்கிறது. அங்கே செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, அவற்றுக்கு நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஊட்டம் தருகின்றன. ஒருவர் கொக்கெயின் எடுத்தால் அது ரத்தத்தோடு அங்கேயும் போகும். வளர்ந்துகொண்டிருக்கும் செல்களுக்குள் கொஞ்சம் புகும். அந்தச் செல்கள் கெட்டியாகி முடியாகும்போது அந்தக் கொஞ்சமும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். இது ஒரு வழி. வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் முடியை நனைக்கும்போது அவற்றில் இருக்கும் பொருளும் முடிக்குள் ஊறும், அது இரண்டாவது வழி. மூன்றாவது வழி முழுக்க வெளியிலிருந்து வருவது: அறையில் இருக்கும் புகை, மேஜையில் படிந்த தூள், தலையைத் தடவும் கை.

முடிச் சோதனை பற்றிய சண்டை எல்லாமே இந்த மூன்று வழிகளுக்குள்தான் இருக்கிறது. கருவிக்குப் பொருள் இருப்பது தெரியும். அது எந்த வழியாக வந்தது என்று கருவிக்குத் தெரியாது. அதை மனிதர்கள்தான் தடயங்களை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

காலக்கணக்குக்கு வருகிறேன். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். ஆளுக்கு ஆள் இது மாறும். சிலருக்கு 0.6 செ.மீ., சிலருக்கு 1.4 செ.மீ. வரை போகும். ஆனாலும் சராசரியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். வேரிலிருந்து 3 செ.மீ. எடுத்தால் கடைசி மூன்று மாதம், 6 செ.மீ. எடுத்தால் ஆறு மாதம். முடியைச் சென்டிமீட்டர் வாரியாகத் துண்டு போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால், ஒருவர் எப்போது நிறுத்தினார், எப்போது மறுபடி தொடங்கினார் என்பதைத் தோராயமாகப் பார்க்கலாம். ரத்தத்தில் பெரும்பாலான பொருட்கள் சில மணி நேரத்தில் தொடங்கி ஓரிரு நாளுக்குள் மறைந்துவிடும், சிறுநீரில் பொதுவாக இரண்டு நாளிலிருந்து நாலு நாள் வரை. தினமும் கஞ்சா புகைப்பவர்களுக்கு மட்டும் சிறுநீரில் வாரக்கணக்கில் நிற்கும். மாதக்கணக்கில் பின்னோக்கிப் பார்க்க முடியைப் போல வேறொன்று இல்லை. நீதிமன்றங்களும் வேலை கொடுப்பவர்களும் இதை விரும்புவதற்கு அதுதான் காரணம். பிரேசிலில் லாரி, பஸ் ஓட்டும் தொழில்முறை ஓட்டுநர்களுக்கு 2016 முதல் இந்த வகைச் சோதனை கட்டாயம். அங்கே குறைந்தது 90 நாள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி.

ஆனால் "மார்ச் 12ஆம் தேதி எடுத்தார்" என்று முடி சொல்லாது. தலையில் உள்ள முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. பத்தில் ஒன்று அல்லது அதற்கும் கொஞ்சம் கூடுதலான முடிகள் எப்போதும் வளராமல் ஓய்வில் இருக்கும், அவை உதிரும்வரை அப்படியே நிற்கும். ஓர் ஊர்வலத்தில் பெரும்பாலானோர் நடக்க, சிலர் வழியில் நின்றுவிட்டால் வரிசை கலையும் அல்லவா, அதேபோல ஒரே துண்டில் வேறு வேறு மாதங்களின் முடி கலந்துவிடும். ஒருவர் முழுக்க நிறுத்திய பிறகும் வேருக்கு அருகிலுள்ள துண்டில் சில மாதங்களுக்குக் கொஞ்சம் பொருள் தெரிவது இதனால்தான். "நிறுத்திவிட்டேன் என்றவர் பொய் சொல்கிறார்" என்று அந்தத் துண்டை மட்டும் பார்த்துச் சொல்வது பெரிய அநியாயம். அளவு துண்டுக்குத் துண்டு இறங்கிக்கொண்டே வருகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வேரில் உருவான முடி தோலைத் தாண்டி வெளியே வர சுமார் ஒரு வாரம் ஆகும். போன வாரம் எடுத்ததை இன்று வெட்டிய முடியில் தேடிப் பயனில்லை, அதற்குச் சிறுநீர்தான்.

சரி, முடி எடுக்கும் நாளில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், அன்று நீங்கள் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. பின்னந்தலையில், உச்சிக்குச் சற்றுக் கீழே எடுப்பார்கள். அங்கேதான் வளர்ச்சி வேகம் அதிகம் மாறாமல் இருக்கும். பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையைச் சேர்த்துப் பிடித்து, வெட்டுவதற்கு முன்பே நூலால் கட்டி, தோலை ஒட்டிக் கத்தரியால் வெட்டுவார்கள். பிடுங்குவது இல்லை. வெட்டியதை அலுமினியத் தாளில் நேராகப் படுக்க வைத்து, எது வேர்ப்பக்கம் என்று குறிப்பார்கள். இந்தக் குறி இல்லையென்றால் துண்டு போட்டுச் சோதிப்பதற்கே அர்த்தம் இல்லை, பழைய மாதம் புதிய மாதமாகிவிடும். அப்புறம் உறையில் போட்டு உங்கள் கண் முன்னாலேயே சீல் வைத்து, உங்கள் கையெழுத்தும் எடுத்தவர் கையெழுத்தும் வாங்குவார்கள். இரண்டு கற்றை எடுத்து ஒன்றைத் திறக்காமல் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவில் தகராறு வந்தால் வேறு ஆய்வகத்தில் அதைச் சோதிக்கலாம். முடியைக் குளிர்பெட்டியில் வைக்கத் தேவையில்லை. ஈரமும் வெயிலும் படாமல் அறை வெப்பத்திலேயே நெடுநாள் கெடாமல் இருக்கும்.

ஆய்வகத்தில் முதல் வேலை கழுவுவது. டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானில் ஒரு முறை, நீரில் ஒரு முறை என்று மாற்றி மாற்றிக் கழுவி, மேலே ஒட்டியிருப்பதை நீக்குவார்கள். நல்ல ஆய்வகம் கடைசியாகக் கழுவிய கரைசலைக் கொட்டிவிடாமல் அதையும் சோதிக்கும். கழுவிய கரைசலிலேயே நிறையப் பொருள் இருந்தால், வெளியிலிருந்து வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை அறிக்கையில் எழுத வேண்டும். கழுவுவதால் எல்லாம் போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். வியர்வையில் கரைந்து முடிக்குள் ஊறிய வெளிப்பொருள் எத்தனை கழுவினாலும் முழுசாகப் போகாது.

காய்ந்த பிறகு முடியை ஓரிரு மில்லிமீட்டர் துணுக்குகளாக வெட்டுவார்கள், அல்லது உள்ளே குண்டுகள் உருளும் அரைவை இயந்திரத்தில் தூளாக்குவார்கள். பிறகு மெத்தனாலில் பல மணி நேரம் ஊற வைத்து உள்ளே இருப்பதை வெளியே எடுப்பார்கள். கஞ்சாவுக்கு முடியைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்துவிடுவதும் உண்டு. கொக்கெயினுக்கும் ஹெராயினுக்கும் அந்த வழி ஆகாது, காரத்தில் அவையே சிதைந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே முறையில் தேடிவிட்டோம் என்று ஒரு ஆய்வகம் சொன்னால், கஞ்சாவை எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்பது நல்லது.

அடுத்தது இரண்டு கட்டச் சோதனை. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். முதலில் எலைசா போன்ற எதிர்ப்பொருள் சோதனை. விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் அது தேடும் பொருளைப் போலவே வடிவமுள்ள வேறு பொருளிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதில் பாசிட்டிவ் என்றால் "இருக்கலாம், மேலே பார்" என்பதோடு சரி. இரண்டாவது கட்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மூலக்கூறு உடையும் விதத்தை வைத்து இன்னதுதான் என்று உறுதிசெய்து, அளவையும் சொல்லும் கருவி. இந்த இரண்டாவது கட்டம் இல்லாமல் ஒருவரின் வாழ்க்கையை முடிவு செய்யக் கூடாது.

அப்படி முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டொராண்டோவில் குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனையான சிக்கிட்ஸில் மதர்ரிஸ்க் என்ற ஆய்வகம் இருந்தது. குழந்தைகள் பாதுகாப்பு வழக்குகளில் பெற்றோரின் முடியை அங்கேதான் அனுப்புவார்கள். மருத்துவமனையின் பெயர் பெரியது என்பதால் அறிக்கையை யாரும் கேள்வி கேட்கவில்லை. 2009இல் ஒரு தாய் தன் குழந்தைக்குக் கொக்கெயின் கொடுத்தார் என்று தண்டனை பெற்றார், அந்த ஆய்வகத்தின் முடிச் சோதனை அதில் முக்கியச் சாட்சி. 2014 அக்டோபரில், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொக்கெயின் தொடர்பான அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் விசாரித்து 2015 டிசம்பரில் அறிக்கை தந்தார். 2005 முதல் 2015 வரை அந்த ஆய்வகம் செய்த முடிச் சோதனைகள் குழந்தைகள் பாதுகாப்பு வழக்குக்கும் குற்ற வழக்குக்கும் பயன்படுத்தத் தகுதியில்லாதவை என்பது அவர் கண்ட முடிவு. 2010க்கு முன்னால் எலைசா முடிவையே உறுதிசெய்யாமல் இறுதி முடிவாகக் கொடுத்திருந்தார்கள். தடயவியல் ஆய்வகத்துக்கு வேண்டிய எழுத்துப்பூர்வ நடைமுறைகளும் கட்டுப்பாடும் அங்கே இருக்கவில்லை.

அடுத்து ஜூடித் பீமன் தலைமையில் ஒரு ஆணையம் 1,271 வழக்குகளைப் பார்த்தது. 2018 பிப்ரவரியில் வந்த அறிக்கையில், 56 வழக்குகளில் அந்தச் சோதனை முடிவைப் பெரிதும் பாதித்திருந்தது என்று சொன்னது. அதற்குள் பல குழந்தைகள் தத்துப் போயிருந்தார்கள். அவர்களை மறுபடி பெற்ற தாயிடம் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கவில்லை. உங்கள் வழக்கிலும் ஒரு குழந்தை இருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொன்னேன். ஆய்வகத்தின் பெயரைப் பார்த்து யாரும் அடங்கிவிட வேண்டாம், எந்த முறையில் உறுதிசெய்தீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இப்போது நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம்: புகைக்காதவருக்கு வருமா?

வெளியிலிருந்து வந்ததா, உடலுக்குள் போய் வந்ததா என்று பிரிக்க ஆய்வாளர்கள் நம்புவது, உடல் அந்தப் பொருளை உடைத்துத் தயாரிக்கும் பொருட்களை. ஹெராயினுக்கு 6-மோனோஅசிட்டைல்மார்பின். கொக்கெயினுக்கு பென்சாயில்எக்கோனின், நார்கொக்கெயின், மதுவோடு சேர்த்து எடுத்தால் கோகாஎத்திலீன். கொக்கெயினிலும் சிக்கல் உண்டு. ஈரம் பட்டுக் கொக்கெயின் தானாகவே கொஞ்சம் பென்சாயில்எக்கோனினாக மாறும், அதனால் அது இருந்தாலே உட்கொண்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது. விகிதத்தைப் பார்ப்பார்கள், ஹைட்ராக்சி கொக்கெயின் போன்றவற்றையும் தேடுவார்கள்.

கஞ்சாவில் நிலைமை இன்னும் கடினம். டிஎச்சிதான் கஞ்சாவில் போதை தரும் பொருள், புகையிலும் அதுதான் இருக்கிறது. எனவே முடியில் டிஎச்சி மட்டும் இருந்தால் அது உட்கொண்டதற்குச் சாட்சி ஆகாது. உடல் அதை உடைத்துத் தருவது டிஎச்சி கார்பாக்சிலிக் அமிலம். இது அமிலமாக இருப்பதால் முடிக்குள் மிகக் குறைவாகவே நுழையும். சர்வதேச முடிச் சோதனைச் சங்கத்தின் பரிந்துரையில் பாசிட்டிவ் என்று சொல்வதற்கான எல்லை அளவு கொக்கெயினுக்கு ஒரு மில்லிகிராம் முடிக்கு 500 பிகோகிராம் (பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), இந்த அமிலத்துக்கு 0.2 பிகோகிராம். இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு வித்தியாசம். இதைப் பிடிக்கக்கூடிய கருவி எல்லா ஆய்வகத்திலும் இருக்காது, அதனால் டிஎச்சியை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுவதும் நடக்கிறது.

2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தை இன்னும் கடுமையாக்கியது. வாய் வழியாகத் தொடர்ந்து டிஎச்சி எடுத்துக்கொண்டவர்களின் முடியில் அது குறிப்பிடும்படிச் சேரவில்லை. ஆனால் கஞ்சா பயன்படுத்துபவரின் கை, வியர்வை, தோலின் எண்ணெய், புகை ஆகியவற்றின் மூலம் பயன்படுத்தாதவரின் முடிக்கு அது போகிறது. டிஎச்சி மட்டுமல்ல, அந்த அமிலமும் இப்படிப் போக முடியும். குழந்தையின் முடியில் கஞ்சாத் தடயம் இருந்தால், புகைப்பவரோடு நெருங்கிப் பழகியதாலேயே அது வந்திருக்கலாம் என்று குழந்தை வழக்குகளைக் குறிப்பிட்டே எச்சரித்தார்கள். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சித் தலையைத் தடவுகிற கை போதும். உங்கள் வக்கீல் கையில் இருக்க வேண்டிய தகவல் இது. அப்படியே உங்கள் குழந்தையின் முடியையும் சோதிக்கச் சொன்னால், அதில் வருவது குழந்தை இருந்த சூழலைக் காட்டும், குழந்தைக்கு யாரோ ஊட்டியதாக அர்த்தம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முடியின் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பு முடியில் இருக்கும் மெலனின், கொக்கெயின், ஆம்பெட்டமின் போன்ற காரத் தன்மையுள்ள பொருட்களைப் பற்றிக்கொள்ளும். அதே அளவு எடுத்த இருவரில் கருமுடிக்காரரின் முடியில் அதிகமும் வெளிர்முடிக்காரரின் முடியில் குறைவுமாகத் தெரியலாம். ஒரே தலையில் நரைத்த முடியையும் கறுத்த முடியையும் பிரித்துச் சோதித்தாலே வித்தியாசம் வரும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் காவல் துறையில் முடிச் சோதனை பெரிய வழக்கானது. அந்தச் சோதனையில் பாசிட்டிவ் வந்து வேலை இழந்த பத்துக் காவலர்களில் ஆறு பேரை மறுபடி சேர்க்க 2013இல் மாசசூசெட்ஸ் சிவில் சர்வீஸ் ஆணையம் உத்தரவிட்டது. முடிச் சோதனையை மட்டுமே வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாது என்பது அதன் நிலை. முடியில் இருக்கும் அளவை வைத்து "இவர் இவ்வளவு எடுத்தார், அவர் குறைவாக எடுத்தார்" என்று ஒப்பிட்டால் அது தவறு. ஒரே ஆளின் துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு, இரண்டு ஆட்களை ஒப்பிடுவதில் இல்லை. உங்கள் கணவரின் எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்து யாராவது பேசினால் இதை நினைவில் வையுங்கள்.

சாயத்துக்கு வருகிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நிரந்தரச் சாயமும், அதைவிட அதிகமாக நிறம் நீக்கும் பிளீச்சும் முடிக்குள் இருக்கும் பொருளைச் சிதைத்து அளவைக் குறைக்கும். பிளீச்சில் பாதிக்கு மேல் போய்விடுவதும் உண்டு, ஆனால் முழுசாக அழியும் என்று நம்புவதற்கில்லை. இன்னொரு பக்கம், வேதிப்பூச்சால் அடிபட்ட முடி துளை விட்டு வெளிப்பொருளை இன்னும் எளிதாக உறிஞ்சும். ஆகவே சாயம் உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யலாம். எப்போது போட்டீர்கள், எந்த வகை என்று எழுதிக் கொடுங்கள். சோதனை தேதி தெரிந்த பிறகு புதிதாக எதுவும் போடாதீர்கள், முடியை ஒட்ட வெட்டவும் வேண்டாம். தலைமுடி இல்லையென்றால் கை கால், மார்பு, அக்குள் முடி எடுப்பார்கள். அதில் ஓய்வு நிலை முடி அதிகம், மாதவாரியாகப் பிரிக்க முடியாது, ஒரு வருடம் வரையிலான காலம் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். உங்களுக்கு அது நல்லதல்ல.

நெகட்டிவ் முடிவுக்கும் எல்லை உண்டு. ஒரு முறை, இரண்டு முறை எடுத்தது பெரும்பாலும் எல்லை அளவைத் தொடாது. கஞ்சாவை எப்போதாவது புகைப்பவர் நெகட்டிவ் காட்டுவது சாதாரணம். ஆகவே கணவரின் முடி நெகட்டிவ் வந்தாலும் அவர் புகைக்கவே இல்லை என்று அது நிரூபிக்காது, உங்களுக்குப் பாசிட்டிவ் வந்தாலும் நீங்கள் புகைத்ததாக அது நிரூபிக்காது. டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் மருந்து ஏதாவது கடந்த ஒரு வருடத்தில் சாப்பிட்டிருந்தால் சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள். கோடீன், டிரமடால், தூக்க மருந்துகள் எல்லாம் முடியில் தெரியும், தெரிவதில் தப்பும் இல்லை, காரணம் காகிதத்தில் இருந்தால் போதும்.

கடைசியாக, வக்கீல் ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தில் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். கஞ்சாவுக்கு டிஎச்சி மட்டுமா, கார்பாக்சிலிக் அமிலமும் சோதிக்கப்படுமா, எந்த எல்லை அளவில்? பாசிட்டிவ் வந்தால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் உறுதிசெய்வார்களா? கழுவிய கரைசலின் முடிவையும் தருவார்களா? எத்தனை செ.மீ. முடி, எத்தனை துண்டு? வீட்டில் ஒருவர் தொடர்ந்து புகைத்தார் என்ற தகவல் அறிக்கை எழுதுபவரிடம் முன்பே போய்ச் சேருமா? இதோடு அடுத்த சில வாரங்களுக்குத் திடீர் சிறுநீர்ச் சோதனைக்கும் நீங்களாகவே சம்மதம் தெரிவிக்கலாம். ஒரே அறையில் இருந்து புகையைச் சுவாசித்தவரின் சிறுநீரில் வரும் அளவைவிட, புகைத்தவரின் சிறுநீரில் வரும் அளவு மிக அதிகம், அங்கே பிரித்துப் பார்ப்பது சுலபம். முன்பே ஒப்புக்கொண்டு அதைப் பதிவு செய்துவிட்டால், முடியில் ஏதாவது வந்தாலும் நீதிபதியின் முன் அது தனியாக நிற்காது.